நகரும் விளம்பரமும் மாறும் சட்டகமும்

கோயிற் சுவரில் ஓவியந் தீட்டுபவன் சுவரின் அளவை முன்னரே அறிவான். நூலுக்குப் படம் வரைபவனுக்கும் தாளின் அளவு தெரியும். நகரும் விளம்பரப்படத்தை ஆக்குவோனுக்கு இவ்வசதி இல்லை. அவன் ஆக்கும் ஒரே விளம்பரம் திரையரங்கின் அகன்ற வெண்திரையிலும், வீட்டுத் தொலைக்காட்சியிலும், கணனித் திரையின் மேல் விளிம்பில் ஒடுங்கிக் கிடக்கும் பதாகையிலும், உள்ளங்கையில் நிமிர்த்திப் பிடிக்கப்படும் தொலைபேசியிலும் தோன்ற வேண்டியுள்ளது. இவற்றுள் ஒன்றன் அளவு மற்றொன்றன் அளவை ஒத்ததன்று. ஒன்றிலே முழுமையாகத் தெரியும் படம் மற்றொன்றிலே தலையிழந்தோ, காலிழந்தோ, இரு பக்கமும் வெட்டுண்டோ நிற்கும்.

இவ்வாறு ஒரு படத்தைப் பல அளவுகளுக்கு ஏற்ப மாற்றியமைத்தல் இன்று விளம்பர முகவரகங்களின் அன்றாடப் பணியாகும். சிந்தனைக்கு இடமில்லாத, சலிப்பூட்டும் வேலையென்றே அது பெரும்பாலும் கருதப்படுகின்றது. எனினும், அதன் வரலாற்றை நோக்குமிடத்து முக்கியமானதொரு வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும். சட்டகம் மாறும்பொழுது படத்தின் எப்பகுதி எஞ்சவேண்டும், எப்பகுதி விடப்படவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? இத்தீர்மானம் கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்திலே கைமாறி வந்த வரலாற்றையும், அதனால் விளைந்த பயனையும் இழப்பையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

பத்திரிகைப் பத்தியும் மின்விளக்குப் பலகையும்

விளம்பரத்தை இடத்துக்கேற்ப வெட்டும் வழக்கம் நகரும் படத்துடன் தோன்றியதன்று. அதற்கு முன்னரே பத்திரிகைத் துறையில் இச்சிக்கல் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவிற் பத்திரிகைக்குப் பத்திரிகை பத்தியின் அகலம் வேறுபட்டது. நாடு முழுவதும் ஒரே பொருளை விற்க முனைந்த உற்பத்தியாளர் தமது விளம்பரத்தின் அச்சுவார்ப்பைக் காகிதக்கூழாலான அச்சுப்படிகளாகப் பல ஊர்களுக்கும் அனுப்பினர். அச்சுப்படி ஓரூர்ப் பத்தியிற் பொருந்தும். அடுத்த ஊரில் விளிம்பு மீறும். இக்குழப்பத்துக்கு அமெரிக்கப் பத்திரிகைகள் ஓரளவு பொதுவான தீர்வு கண்டமை 1984ஆம் ஆண்டளவிலேதான். அவ்வாண்டில் ‘நியம விளம்பர அலகு’ எனும் அளவுமுறை பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. தேசியச் சந்தையொன்று உருவாகிய பின்னரும் அதற்கேற்ற பொது அளவு உருவாக நெடுங்காலஞ் சென்றது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

நகரும் விளம்பரத்தின் தொடக்க வரலாற்றில் நியூயோர்க் நகரின் ரைம்ஸ் சதுக்கத்துக்குத் தனியிடம் உண்டு. 1928 நவம்பரில் அங்குள்ள ரைம்ஸ் கோபுரத்தைச் சுற்றி மின்விளக்குகளாலான செய்திப் பட்டியொன்று ஒளிரத் தொடங்கிற்று. அது விளம்பரத்துக்காக அமைந்ததன்று. அன்றைய சனாதிபதித் தேர்தல் முடிவுகளையே அது முதலிற் காட்டியது. ஆயினும், ஒடுங்கி நீண்ட பட்டியில் ஒருங்கே அடங்காத செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடலாம் என்ற உத்தியை அது பல்லாயிரம் மக்களுக்குக் காட்டிற்று. பிற்கால இணையப் பதாகையின் முன்னோடி எனக் கூறத்தக்கது இதுவேயாம்.

1930களின் பிற்பகுதியில் டக்ளஸ் லீ என்பார் அதே சதுக்கத்தில் நகரும் மின்விளக்குச் சித்திரங்களை நிறுவினார். இவற்றுக்குச் சித்திரம் வரைந்தவருள் முதன்மையானவர் ஒட்டோ மெஸ்மர். பேசாப்படக் காலத்திற் புகழ்பெற்ற பீலிக்ஸ் எனும் பூனைப் பாத்திரத்தை உருவாக்கிய கலைஞர் இவரே. திரையரங்கிற் பூனையின் மீசை அசைவையும் கண் சிமிட்டலையும் காட்டியவர் ஒளிப்பலகையில் அவற்றைக் காட்ட இயலவில்லை. ஒவ்வொரு புள்ளியும் ஒரு மின்விளக்காக இருந்த அப்பலகையில் உருவத்தின் புறக்கோடு மட்டுமே எஞ்சியது. ஆகவே புறக்கோட்டிலேயே குணத்தையும் நகைச்சுவையையும் கொண்டுவரும் வகையில் அவர் வரைய வேண்டியிருந்தது. இங்கு விடப்பட வேண்டியது எது எனத் தீர்மானித்தவர் கலைஞரே என்பது கருதத்தக்கது. படத்தை ஆக்கியவரும் அதனைச் சட்டகத்துக்கு அடக்கியவரும் ஒருவராகவே இருந்தனர்.

சட்டகத்தின் தோற்றம்

திரைப்படத்தின் சட்டக அளவு அழகியற் சிந்தனையின் விளைவாகப் பிறந்ததென எண்ணுவார் உளர். வரலாறு அதற்குச் சான்று பகரவில்லை. 1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய டபிள்யூ. கே. எல். டிக்சன், ஈஸ்ற்மன் நிறுவனம் தயாரித்த 70 மில்லிமீற்றர் அகலச் சுருளை இரண்டாகப் பிளந்து 35 மில்லிமீற்றர்ச் சுருளைப் பெற்றார். ஒரு படத்துக்கு நான்கு துளைகள் என வகுத்தபொழுது ஏறக்குறைய ஓரங்குல அகலமும் முக்காலங்குல உயரமுங் கொண்ட சட்டகம் உருவாயிற்று. நான்குக்கு மூன்று எனும் விகிதம் இவ்வாறு எழுந்தது. கிடைத்த மூலப்பொருளை வீணாக்காது பயன்படுத்தியதன் விளைவே அது. 1909ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படக் காப்புரிமை நிறுவனம் 35 மில்லிமீற்றரையே நியமமாகக் கொண்டதும் அது உலகப் பொது அளவாக நிலைபெற்றது.

பேசும்படம் வந்தபொழுது ஒலித்தடம் சுருளின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளச் சட்டகம் ஒடுங்கிற்று. 1932இல் ஹொலிவூட்டின் திரைப்படக் கலை அறிவியற் கழகம் 1.37:1 எனும் விகிதத்தை நியமமாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் திரைப்படத்துக்கும் விளம்பரப்படத்துக்கும் சட்டகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அளவு மாற்றும் சிக்கலின்றிப் படமாக்குவோர் வாழ்ந்த காலம் அஃதொன்றே எனலாம்.

அகலத்திரை தோற்றுவித்த பிளவு

தொலைக்காட்சியின் போட்டியால் அமெரிக்கத் திரையரங்குகள் பார்வையாளரை இழக்கத் தொடங்கியபொழுது ஹொலிவூட் நிறுவனங்கள் அகலத்திரையை நாடின. 1952 செப்டெம்பரில் சினிராமா அறிமுகமாயிற்று. 1953 செப்டெம்பரில் ருவன்ரியத் செஞ்சரி பொக்ஸ் நிறுவனம் ‘த றோப்’ எனும் படத்தைச் சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது. பிரெஞ்சு அறிஞர் ஹென்றி கிறேத்தியன் வகுத்த வில்லையைக் கொண்டு அகன்ற காட்சியைச் சுருளில் நெருக்கிப் பதித்து, திரையில் மீண்டும் விரிப்பது அதன் முறையாகும். தொடக்கத்தில் அதன் விகிதம் 2.55:1. தமிழில் முதலாவது சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ வெளிவர 1973 வரை இருபது ஆண்டுகள் சென்றன.

இம்மாற்றத்தின் விளைவு இரு வகையில் வெளிப்பட்டது. முதலாவது, பழைய அளவில் எடுத்த படத்தைப் புதிய திரைக்காக வெட்டுதல். ஜோர்ஜ் ஸ்ரீவன்ஸ் நெறிப்படுத்திய ‘ஷேன்’ பழைய சட்டகத்துக்கென எடுக்கப்பட்டது. 1953இல் அது வெளியானபொழுது பரமவுண்ட் நிறுவனம் அதன் மேலும் கீழும் மறைத்து 1.66:1 என்ற விகிதத்திற் காட்டிற்று. எடுத்தவர் எண்ணியிராத சட்டகத்தை வர்த்தகத் தேவை அப்படத்தின் மீது சுமத்தியது.

இரண்டாவது வழியை வோல்ற் டிஸ்னி நிறுவனம் கைக்கொண்டது. 1955இல் வெளியான ‘லேடி அன்ட் த ட்ராம்ப்’ சினிமாஸ்கோப்பில் ஆக்கப்பட்ட முதலாவது முழுநீள அசைவூட்டப்படம். அகலத்திரை வசதி இல்லாத திரையரங்குகள் பலவாக இருந்தமையால் பழைய அளவுக்கும் தனிப் பிரதியொன்று ஆக்க வேண்டியதாயிற்று. அகன்ற சட்டகத்தின் இரு ஓரங்களிலும் நின்ற பாத்திரங்கள் பழைய சட்டகத்துக்கு வெளியே போய்விடுமாகையால் காட்சிகள் சில மறுபடி அமைக்கப்பட்டன. நடிகரைப் படம்பிடித்த சுருளில் இது இயலாது. வரைந்த சித்திரத்தில் இயலும். அசைவூட்டப்படத்தில் பின்னணி ஒரு தாளிலும் பாத்திரம் வேறொரு தெளிதாளிலும் வரையப்படுகின்றன. ஒன்றை விட்டு மற்றொன்றை நகர்த்தலாம். வெட்டுதலுக்கு மாற்றாக மீளடுக்குதல் எனும் வழி இங்கு திறந்தது. பின்வந்த விளம்பரத் தொழில் முழுவதும் இவ்வழியையே பின்பற்றியது.

தொலைக்காட்சியும் ‘பாதுகாப்பு வலய’மும்

1941 யூலை 1ஆம் திகதி நியூயோர்க்கின் டபிள்யூ.என்.பி.ரி. நிலையத்தில் பேஸ்போல் ஆட்டமொன்றுக்கு முன்னர் புலோவா கடிகார விளம்பரம் சில செக்கன்கள் தோன்றிற்று. உரிமம் பெற்ற வர்த்தகத் தொலைக்காட்சியின் முதல் விளம்பரம் இதுவே. பிரித்தானியாவில் 1955 செப்டெம்பர் 22ஆம் திகதி பற்பசை விளம்பரமொன்று அத்தகைய தொடக்கத்தைக் குறித்தது. தொலைக்காட்சியின் சட்டகமும் திரைப்படத்தைப் பின்பற்றி நான்குக்கு மூன்று என அமைந்ததாயினும், புதிய சிக்கலொன்று அதனுடன் பிறந்தது.

கதிர்க்குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டிகள் படத்தைக் கண்ணாடியின் விளிம்புக்கு அப்பாலுஞ் சிறிது விரித்தே காட்டின. மின்னழுத்தம் தளம்பினாலும் கருவி பழையதானாலும் ஓரத்திற் கறுப்புக் கோடு தெரியாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இதனால் படத்தின் விளிம்பு எவ்வளவு மறையும் என்பது வீட்டுக்கு வீடு வேறுபட்டது. விற்பனைப் பொருளின் பெயரோ விலையோ ஓரத்தில் இருந்தால் அது சில வீடுகளில் தெரியும். வேறு சில வீடுகளில் தெரியாது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியியலாளர் சங்கம் இதற்கு விதி வகுத்தது. முக்கிய அசைவுகள் படத்தின் நடுவே அகலத்திலும் உயரத்திலும் 90 சதவீத எல்லைக்குள்ளும், எழுத்துகள் 80 சதவீத எல்லைக்குள்ளும் அடங்க வேண்டும் என்பது அவ்விதி. ‘பாதுகாப்பு வலயம்’ என அது வழங்கப்பட்டது.

சிறியதொரு பொறியியல் விதியாகத் தோன்றினும் இதன் கருத்து பெரிது. படத்தின் ஓரத்தை நம்பலாகாது; நடுவே உள்ளதே நிச்சயம் என்ற சிந்தனை படமாக்குவோர் உள்ளத்தில் இதனால் வேரூன்றியது. எழுத்துகளுக்குரிய வலயத்தைப் பரப்பளவாற் கணித்தால் அது மொத்தப் படத்தின் 64 சதவீதமே. மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்ட இடம் அலங்காரமாகவோ வெறுமையாகவோ விடப்பட்டது. திரைகள் தட்டையாகி மறைப்பு அருகிய பின்னர், 2009இல், இவ்வெல்லைகள் முறையே 93, 90 சதவீதங்களாகத் தளர்த்தப்பட்டன. எனினும், மையத்தில் மட்டும் பொருளை வைக்கும் பழக்கம் அதனுடன் மறைந்துவிடவில்லை.

அகலத்திரைப் படங்கள் தொலைக்காட்சிக்கு வந்தபொழுது தீர்மானம் கைமாறியது. 1961 செப்டெம்பரில் என்.பி.சி. நிறுவனம் தனது சனிக்கிழமை இரவுத் திரைப்பட வரிசையைச் சினிமாஸ்கோப் படமொன்றுடன் தொடங்கிற்று. 2.55:1 எனும் படத்தை 1.33:1 எனும் சட்டகத்துள் முழு உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய பாதியே தெரியும். எப்பாதி தெரிய வேண்டும் என்பதைக் காட்சிக்குக் காட்சி தேர்ந்து, சட்டகத்தை இடமும் வலமும் நகர்த்தும் முறை வழக்குக்கு வந்தது. நெறியாளர் இருவரை ஒரே காட்சியில் எதிரெதிரே நிறுத்திப் பேசவைத்திருப்பார். தொலைக்காட்சிப் பிரதியிலே பேசுபவர் மட்டும் தெரிவார். கேட்பவரின் முகம் மறைந்துவிடும். இதனைச் செய்தவர் பெயரறியப்படாத தொழில்நுட்ப உதவியாளர். படத்தின் பொருளைப் பாதி மாற்றவல்ல தீர்மானம், ஆக்கியவரிடமிருந்து நீங்கி ஆய்வுகூட ஊழியர் கைக்குச் சென்றது.

பதினாறுக்கு ஒன்பது

உயர்தெளிவுத் தொலைக்காட்சி திட்டமிடப்பட்ட 1980களின் முற்பகுதியில் ஆர்.சி.ஏ. ஆய்வுகூடத்தைச் சேர்ந்த கேர்ன்ஸ் பவர்ஸ் இச்சிக்கலை வடிவகணித முறையில் அணுகினார். வழக்கிலிருந்த ஐந்து விகிதங்களையும், அதாவது 1.33, 1.66, 1.85, 2.20, 2.35 ஆகியவற்றை, ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வரைந்து நடுப்புள்ளி பொருந்த ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அவை அனைத்தையும் உள்ளடக்கும் வெளிச்செவ்வகமும், அவை அனைத்துக்கும் பொதுவான உட்செவ்வகமும் ஒரே விகிதத்தில் அமைந்தன. அவ்விகிதம் ஏறக்குறைய 1.78:1, அதாவது பதினாறுக்கு ஒன்பது. இன்று உலகெங்கும் தொலைக்காட்சித் திரைகள் இவ்வளவில் உள்ளன. எந்தப் படைப்பாளியும் விரும்பிக் கேட்ட அளவு அன்று அது. எல்லோருடைய இழப்பையுஞ் சமமாகப் பங்கிட்ட இணக்கமே எனலாம்.

பழைய திரையிலிருந்து புதிய திரைக்கு மாறும் இடைக்காலத்தில் இணக்கத்தின் மேல் இணக்கம் தேவைப்பட்டது. 1998இல் எண்ணியல் ஒளிபரப்பு தொடங்கிய பிரித்தானியாவில் இரண்டுக்கும் இடைப்பட்ட பதினான்குக்கு ஒன்பது என்ற சட்டகம் கைக்கொள்ளப்பட்டது. விளம்பரப்படம் ஆக்குவோர் பதினாறுக்கு ஒன்பதிற் படம்பிடித்துக்கொண்டு, ஒடுங்கிய சட்டகத்திலும் பொருள் சிதையாதவாறு காட்சியை அமைக்க வேண்டியிருந்தது. அதே 1998இல் பிக்சார் நிறுவனம் வெளியிட்ட ‘எ பக்ஸ் லைஃப்’ எனும் கணனி அசைவூட்டப்படம் 2.35:1 அளவினது. வீட்டு ஒளிநாடாவுக்கென அதனை வெட்டாமல், கணனியில் இருந்த பாத்திரங்களை நெருக்கி நிறுத்தியும், சில காட்சிகளில் மேலுங் கீழும் சட்டகத்தை விரித்தும் புதிய பிரதி ஆக்கப்பட்டது. 1955இல் டிஸ்னி கலைஞர் கையால் தொடங்கிய முறை கணனியின் துணையுடன் இங்கு முழுமை பெற்றது.

இணையப் பதாகை

1994 ஒக்டோபர் 27ஆம் திகதி ‘ஹொட்வயர்ட்’ எனும் இணைய இதழில் பதாகை விளம்பரங்கள் தோன்றின. அவற்றுள் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் விளம்பரம் பிற்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. அதன் அளவு 468 பிக்சல் அகலமும் 60 பிக்சல் உயரமும் ஆகும். ஏறக்குறைய எட்டுக்கு ஒன்று எனும் இவ்விகிதம் அதுவரை நகரும் படம் கண்டிராதது. தொலைக்காட்சி விளம்பரமொன்றை வெட்டாமல் இப்பதாகையுள் வைத்தால் அது 107 பிக்சல் அகலமே கொள்ளும். பதாகையின் முக்காற் பங்குக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும். அகலத்தை நிரப்புமாறு பெருப்பித்தாலோ மனித முகத்தில் கண்களும் மூக்கின் மேற்பகுதியும் மட்டுமே எஞ்சும்.

ஒவ்வோர் இணையத்தளமும் தத்தமக்கு உகந்த அளவை வகுத்துக்கொண்டமையால் பழைய பத்திரிகைப் பத்திகளின் குழப்பம் மீண்டும் தலைதூக்கியது. ஆனால் பத்திரிகைத் துறை மிக நீண்ட காலத்திற் கண்ட தீர்வை இணையத் துறை இரண்டே ஆண்டுகளில் நாடியது. 1996 டிசம்பரில் இணைய விளம்பரப் பணியகமும் விளம்பரதாரர் கூட்டமைப்பொன்றும் இணைந்து எட்டு நியம அளவுகளைப் பரிந்துரைத்தன. 468க்கு 60 அவற்றுட் பெரியவற்றில் ஒன்று. 88க்கு 31 மிகச் சிறியது. 2001இல் நிமிர்ந்த ‘வானளாவி’ வடிவங்களும் பெருஞ்செவ்வகங்களுமாக ஏழு அளவுகள் சேர்க்கப்பட்டன. 2002இல் 728க்கு 90, 300க்கு 250, 160க்கு 600, 180க்கு 150 எனும் நான்கும் பொதுத் தொகுதியாக அறிவிக்கப்பட்டன. அளவுகளைக் குறைக்க எழுந்த முயற்சியிலேயே கிடந்த பட்டியும், நின்ற தூணும், சதுரத்தை அண்டிய பெட்டியும் ஒருங்கே இடம்பெற்றமை நோக்கத்தக்கது. இம்மூன்றுக்கும் ஒரே படத்தை வெட்டிப் பொருத்துதல் இயலாது.

ஆகவே விளம்பரம் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. பின்னணி, பொருளின் படம், தலைப்புவரி, நிறுவனச் சின்னம், அழுத்துவதற்குரிய பொத்தான் ஆகியவை தனித்தனி அடுக்குகளாயின. பெட்டி வடிவில் மேலிருந்து கீழாகவும், பட்டி வடிவில் இடமிருந்து வலமாகவும் அவை அடுக்கப்பட்டன. இதனினும் முக்கியமானது வேறொரு மாற்றம். அகன்ற சட்டகத்தில் ஒருங்கே தெரிந்தவை ஒடுங்கிய பதாகையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றலாயின. கம்பியூசேர்வ் நிறுவனம் 1989இல் விரித்தமைத்த ஜிஃப் எனும் பட வடிவம் பல படங்களை ஒரே கோப்பில் வைத்துத் தொடராகக் காட்ட இடமளித்தது. நெற்ஸ்கேப் உலாவி அதனை மீண்டும் மீண்டும் ஓடச் செய்யும் வசதியைத் தந்ததும் அசையும் பதாகைகள் பெருகின. பின்னர் ஃபிளாஷ் எனும் மென்பொருள் அவ்விடத்தைப் பெற்றது. இடப்பற்றாக்குறையைக் காலத்தாற் சரிக்கட்டிய இம்முறை 1928இன் ரைம்ஸ் கோபுரப் பட்டி கையாண்ட அதே உத்தியாகும்.

ஆயின் காலமும் வரையறையுடையதே. பணியகத்தின் வழிகாட்டிகள் பதாகையின் அசைவை 15 செக்கனுக்கு வரையறுத்தன. அதன்பின் இறுதிப் படம் அசையாது நிற்கும். இறுதிப் படத்தில் நிற்பவை பொருளின் பெயரும் பொத்தானும். விலைக்குரிய நிபந்தனையோ எச்சரிக்கையோ இடையில் ஒரு கணந் தோன்றி மறைந்துவிடும். எது நிற்கவேண்டும், எது மறையலாம் என்ற தீர்மானம் இப்பொழுது விற்பவர் பக்கம் சென்றது.

நெகிழும் சட்டகமும் பொறியின் தீர்ப்பும்

2007இல் ஐபோன் அறிமுகமாயிற்று. அதில் ஃபிளாஷ் இயங்கவில்லை. 2010 ஏப்பிரலில் ஸ்ரீவ் ஜொப்ஸ் அதற்கான காரணங்களை விளக்கி எழுதினார். அடுத்த மாதத்தில் ஈதன் மார்கோற், பார்ப்பவரின் திரையளவுக்கேற்பத் தானே நெகிழ்ந்து கொள்ளும் இணையப்பக்க அமைப்பு முறையை எடுத்துரைத்தார். ஃபிளாஷ் படிப்படியாகக் கைவிடப்பட்டு 2020 டிசம்பருடன் அதற்குரிய ஆதரவு முற்றாக முடிவுற்றது. அதன் இடத்தை எச்.ரி.எம்.எல். 5 பெற்றது. 2017இல் இணைய விளம்பரப் பணியகமே நிலையான பிக்சல் அளவுகளை விட்டு விகிதங்களை அடிப்படையாகக் கொண்ட நெகிழும் அளவுமுறையை வெளியிட்டது. சட்டகம் நிலையான பொருள் அன்று என்பதை நியமம் வகுக்கும் அமைப்பே ஏற்றுக்கொண்ட தருணம் அது.

இதே காலத்தில் திரை நிமிர்ந்தது. கையில் தொலைபேசியை நிமிர்த்திப் பிடிப்பதே இயல்பாதலால், 2015இல் ஸ்னப்சற் நிறுவனம் ஒன்பதுக்குப் பதினாறு எனும் நிமிர்ந்த விளம்பரப்படங்களை விளம்பரதாரரிடம் வலியுறுத்தியது. ஏனைய நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. தொலைக்காட்சிக்கு ஆக்கிய படத்தை இத்திரையில் முழு உயரத்துக்கு நிரப்பினால் அதன் பரப்பில் ஏறக்குறைய 32 சதவீதமே எஞ்சும். வெட்டாமல் முழுமையாகக் காட்டினால் திரையின் அதே 32 சதவீதம் மட்டுமே நிரம்பும். இழப்பது படத்தையா, இடத்தையா என்ற வினாவுக்கு இதனினும் கூரிய வடிவம் இல்லை.

அளவுகள் பெருகியபொழுது கையால் மாற்றுதல் கட்டுப்படியாகவில்லை. 2016 முதல் கூகிள் நிறுவனம், விளம்பரதாரர் தரும் படங்களையும் வரிகளையும் கணனியே எடுத்து இடத்துக்கேற்பப் பொருத்தும் விளம்பர வகையை அறிமுகஞ் செய்தது. 2020இல் அந்நிறுவனம் வெளியிட்ட ‘ஓட்டோஃபிளிப்’ எனும் மென்பொருள் முகங்களையும் அசையும் பொருள்களையும் இனங்கண்டு சட்டகத்தைத் தானே நகர்த்தவல்லது. 1961இல் ஆய்வுகூட உதவியாளர் செய்த வேலை பொறிக்கு மாறிற்று. உதவியாளர் தவறினால் அது ஒரு படத்தின் தவறு. பொறி தவறினால் அது எண்ணிலாப் படங்களின் தவறாகும்.

இவ்வச்சம் கற்பனையன்று என்பதற்கு நிழற்படத் துறையிலிருந்து ஒரு சான்று உண்டு. பெரிய படங்களைச் சிறு சட்டகத்துக்கு வெட்டுதற்கு ருவிற்றர் நிறுவனம் பொறியொன்றைப் பயன்படுத்தி வந்தது. அது சில முகங்களை விட்டு வேறு சில முகங்களையே சட்டகத்துள் வைக்கின்றதெனப் பயனர்கள் 2020இல் முறையிட்டனர். 2021 மே மாதத்தில் அந்நிறுவனம் தனது ஆய்வு முடிவை வெளியிட்டது. சமநிலையிலிருந்து பெண்கள் பக்கமாக 8 சதவீதமும், வெள்ளையர் பக்கமாக 4 சதவீதமும் சாய்வு காணப்பட்டது. அதனையடுத்து வழக்கமான விகிதப் படங்களை வெட்டாமல் முழுமையாகக் காட்டும் முறைக்கு அந்நிறுவனம் திரும்பியது. சட்டகத்துக்கு வெளியே தள்ளப்படுபவர் யார் என்பது சமூக நீதி சார்ந்த வினாவும் ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

விடுபடுவது எது?

விளம்பரத்தைச் சுருக்கும்பொழுது முதலில் விடுபடுவது எது என்பதற்கு வரலாறு ஏறக்குறைய ஒரே விடையைத் தருகின்றது. பொருளின் பெயர் விடுபடுவதில்லை. கவர்ச்சியான படமும் எளிதில் விடுபடுவதில்லை. விற்பவருக்குத் தேவையற்றதும் வாங்குபவருக்கு இன்றியமையாததுமான பகுதியே முதலிற் சிறுத்து, பின் மங்கி, இறுதியில் மறைகின்றது. கடனின் வட்டிவீதம், மருந்தின் பக்கவிளைவு, சலுகையின் கால எல்லை ஆகியன இத்தகையன.

அமெரிக்கச் சமஷ்டி வர்த்தக ஆணைக்குழு இணைய விளம்பரங்களில் இத்தகைய தகவல்கள் பற்றி 2000ஆம் ஆண்டில் வழிகாட்டியொன்றை வெளியிட்டது. சிறுதிரைகள் பெருகிய பின்னர் 2013 மார்ச்சில் அது திருத்தப்பட்டது. திருத்தப்பட்ட வழிகாட்டியின் சாரம் எளியது. தேவையான தகவலைத் தெளிவாகவும் கண்ணிற் படும் வகையிலும் வெளியிட ஓர் ஊடகத்தில் இடமில்லையாயின், அத்தகவல் தேவைப்படும் விளம்பரத்துக்கு அவ்வூடகத்தைப் பயன்படுத்தலாகாது. இடம் போதாமை சாட்டாகாது என்பதே இதன் பொருள். மேலே விவரித்த நூறாண்டு வரலாற்றில் படமே எப்பொழுதும் சட்டகத்துக்குப் பணிந்து வந்தது. சில சொற்களுக்காகச் சட்டகமே விலக வேண்டும் எனும் கோட்பாடு இங்கு எழுந்தமை குறிப்பிடத்தக்கது.

இலங்கையை நோக்குமிடத்து இச்சிக்கல் மும்மடங்காகின்றது. ஒரே விளம்பரம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஆக்கப்படும்பொழுது எட்டு அளவுகள் இருபத்துநான்கு ஆக்கங்களாகின்றன. ஆங்கிலத்தில் இரு சிறு சொற்களில் முடியும் நிபந்தனைக் குறிப்புக்குத் தமிழில் ‘விதிமுறைகளுக்கும் நிபந்தனைகளுக்கும் உட்பட்டது’ என நீண்டதொரு தொடர் வேண்டும். தமிழெழுத்தின் மேல்விலங்கும் கீழ்விலங்கும் வரிக்கு உயரத்தையும் வேண்டுவன. ஆங்கில வாசகத்தை அளவாகக் கொண்டு வகுத்த சட்டகத்துள் தமிழ் வாசகத்தை நுழைத்தால் எழுத்துச் சிறுக்கும். ‘ணி’யும் ‘ளி’யும் வேறுபாடின்றி மங்கும். இவ்விடத்தில் வடிவமைப்புக் குறைபாடு என்பது வாசகரின் அறியும் உரிமையைப் பாதிக்கும் குறைபாடாகவும் ஆகின்றது. மிக நீண்ட வாசகத்தையுடைய மொழியை அளவாகக் கொண்டு சட்டகத்தை முதலில் வகுப்பின் ஏனைய மொழிகள் அதனுள் எளிதில் அடங்கும் என்பது செயன்முறைக்கு உகந்த தீர்வாகத் தோன்றுகின்றது.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, சட்டகத்தின் அளவை எக்காலத்திலும் பெரும்பாலும் நிர்ணயித்தவை மூலப்பொருளும், வர்த்தகப் போட்டியும், கருவியின் இயல்புமே என்பது தெளிவாகின்றது. அச்சட்டகத்துள் எது எஞ்ச வேண்டும் என்ற தீர்மானம் ஒட்டோ மெஸ்மர் போன்ற கலைஞரிடமிருந்து ஆய்வுகூட உதவியாளருக்கும், அவரிடமிருந்து விளம்பர வடிவமைப்பாளருக்கும், அவரிடமிருந்து பொறிக்கும் சென்றுள்ளது. ஒவ்வொரு கைமாற்றமும் வேலையை விரைவாக்கிற்று. தீர்மானித்தவர் யார் என்பதை மறைத்தும் விட்டது.

எனினும், இவ்வரலாறு இழப்பின் வரலாறு மட்டுமன்று. வெட்டுதலுக்கு மாற்றாக மீளடுக்கலாம் என்பதை 1955இன் சித்திரக்காரர் காட்டினர். ஓரிடத்தில் அடங்காததைக் காலத்தில் விரிக்கலாம் என்பதை ரைம்ஸ் கோபுரப் பட்டி காட்டிற்று. அடக்க முடியாத இடத்தில் விளம்பரத்தையே நிறுத்தலாம் என்பதை 2013இன் வழிகாட்டி காட்டியது. இம்மூன்று வழிகளுள் எதனைக் கொள்வது என்பது மனிதர் எண்ணித் தீர்மானிக்க வேண்டிய விடயம். அடுத்து வரும் திரையின் அளவு யாதாயினும், அதன் விளிம்புக்கு வெளியே விடப்படுவது எதுவென வினவும் பழக்கம் பார்ப்போரிடமும் ஆக்குவோரிடமும் வளருமாயின், சட்டகம் எவ்வளவு சிறிதாயினும் அதனால் விளையுந் தீங்கு குறையும்.